பேட்டரியைத் தின்ற பச்சை விளக்கு

மோட்டார்ஹோம் (சக்கரம் வைத்த வீடு) வாங்கிய புதிதில் நான் செய்த முதல் தப்புக்குக் காரணம் ஒரு சொல்: இன்வெர்ட்டர்.

நாமக்கல்லில் எங்கள் வீட்டு வராந்தா மூலையில் ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. கரண்ட் கட் காலத்தைப் பார்த்த எல்லார் வீட்டிலும் இருந்ததுதான். மேலே ஒரு பெட்டி, கீழே 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி. கரண்ட் போனால் ஃபேன் ஓடும், வந்ததும் தானாகவே சார்ஜ் ஏறும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது மட்டும்தான் என் வேலை. கொடுப்பது, வாங்குவது இரண்டையும் ஒரே பெட்டி பார்த்துக்கொள்ளும், அதன் பெயர் இன்வெர்ட்டர் என்று அப்போதே மண்டையில் ஏறிவிட்டது.

பல வருடம் கழித்து, பிரிட்டனில் நான்கு பேர் படுக்கும் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினோம். வண்டிக்காரர் சாவியைக் கொடுக்கும்போது, "இன்வெர்ட்டர் இல்லை, வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்வெர்ட்டர் இல்லாமல் பேட்டரி எப்படி சார்ஜ் ஏறும்? அந்த வாரமே 1000 வாட் இன்வெர்ட்டர் வாங்கி, டைனிங் சீட்டுக்கு அடியில் லெஷர் பேட்டரியோடு (வண்டிக்குள் வீட்டுச் செலவுக்கான பேட்டரி) இணைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. என் மனைவி மிக்ஸியைச் செருகித் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

இங்கே இன்வெர்ட்டர் என்பது கொடுக்க மட்டுமே தெரிந்த பெட்டி. பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. சார்ஜர் தனியாக, வண்டி செய்தபோதே அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். இந்த மாதிரி வண்டிகள் தங்கும் முகாமில் நீலநிற 16 ஆம்பியர் பிளக்கை மின்கம்பத்தில் மாட்டினால், இந்தச் சார்ஜர் எழுந்து 18 ஆம்பியர் வரை ஏற்றும். இரண்டும் சேர்ந்த பெட்டிகள் உண்டு, ஆனால் விலை அதிகம், என்னுடையது அந்த வகை இல்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பினோம்.

மோட்டார்ஹோமுக்குள் மின்சாரம் இரண்டு குடித்தனமாக இருக்கும். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி ஒரு குடித்தனம்: செல்ஃப் மோட்டார், ஹெட்லைட், ஹாரன் எல்லாம் அங்கே. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் ஃபேன், ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு எல்லாம் இன்னொரு குடித்தனம், அதற்குத்தான் லெஷர் பேட்டரி. எஞ்சின் ஓடும்போது மட்டும் நடுவில் ஒரு ரிலே (தானாகச் சேர்ந்து பிரியும் ஸ்விட்ச்) சேர்ந்து, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் இரண்டு வீட்டுக்கும் படியளக்கும். எஞ்சினை அணைத்தால் ரிலே பிரிந்துவிடும். ராத்திரி முழுக்க விளக்கு எரிந்து லெஷர் பேட்டரி சாய்ந்தாலும், காலையில் வண்டி கிளம்பும். இந்த ஏற்பாட்டை யோசித்தவனுக்குப் பின்னால் ஒருநாள் மனதாரக் கும்பிடு போட்டேன்.

கிளம்பியது அக்டோபர். நார்த் கோஸ்ட் 500 என்று 2015-இல் பெயர் சூட்டிப் பிரபலமாக்கிய பாதை. இன்வர்னஸில் தொடங்கி ஸ்காட்லாந்தின் வடக்கு ஓரத்தைச் சுற்றி மறுபடி இன்வர்னஸுக்கே வரும், 516 மைல். ஆப்பிள்கிராஸ், அல்லபூல், டர்னஸ் என்று மேற்கு வழியாக ஏறினோம். முதல் மூன்று இரவும் மின்கம்பம் இல்லாத நிறுத்தங்களில். என் கணக்கு இதுதான்: வண்டியில் 180 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறோம், 360 ஏஹெச் ஆயிற்று. பேட்டரியோ வெறும் 110 ஏஹெச். வழிந்து ஓடும்!

மூன்றாம் நாள் ராத்திரி டர்னஸில், கடலைப் பார்த்த ஒரு மேட்டில் நின்றோம். மாலையில் சுவர் பேனலில் பேட்டரி 12.6 வோல்ட் என்று காட்டியது. நிம்மதியாகப் படுத்தோம். மூன்று மணி வாக்கில் ஹீட்டர் ஃபேனின் சத்தம் இழுத்து இழுத்து நின்றது. "என்னங்க, விளக்கைப் போடுங்க" என்றாள். போட்டேன், குத்துவிளக்கு வெளிச்சம் கூட வரவில்லை. பேனலில் 10.4. கேஸ் சிலிண்டர் நிறைய இருந்தது. ஆனால் ஹீட்டரின் ஃபேனும் போர்டும் 12 வோல்ட்டில் ஓடுபவை, அவை படுத்தால் கேஸ் இருந்து என்ன? பிள்ளைகளை நடுவில் போட்டு, இருக்கிற போர்வை அத்தனையையும் போர்த்தி விடியும்வரை கிடந்தோம்.

"மிக்ஸி போட வேண்டாம்னு அப்பவே சொன்னேன்" என்று நான் சொன்னது, இன்றுவரை எனக்கு எதிராகப் பயன்படும் வாக்கியம்.

காலையில் வண்டி கிளம்பியது (கும்பிடு போட்டது அப்போதுதான்). தர்சோ வரை ஓட்டி, மின்கம்பம் உள்ள முகாமில் நிறுத்தி, சிக்னல் வந்ததும் மாமாவை வீடியோவில் கூப்பிட்டேன். மாமா நாமக்கல்லில் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர். டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு மாமா வைத்த பெயர்), செல்ஃப், வயரிங் என்று நாற்பது வருட அனுபவம். லாரி 24 வோல்ட், என் வண்டி 12 வோல்ட், அது ஒன்றுதான் வித்தியாசம் என்பார்.

"மாப்ள, வண்டிய ஸ்டார்ட் பண்ணி வை. மீட்டர பேட்டரி தலையிலயே வெச்சுப் பாரு. அந்தப் பேனல் சொல்றதெல்லாம் நம்பாத."

எஞ்சின் ஓட ஓட, கிளப்பும் பேட்டரியின் டெர்மினலில் மீட்டரை வைத்தேன். 12.4.

"பன்னண்டு நாலா? பதினாலு வரணுமே. டைனமோ போச்சு மாப்ள. மாத்திடு."

லாரிப் பட்டறையில் அந்தத் தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு அருகில் வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டரோ ரெகுலேட்டரோ செத்திருக்கும். நானும் மனதுக்குள் செலவைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அந்த நேரம், பக்கத்து வண்டியில் இருந்த பெரியவர் ஒருவர் டீ கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார். யூரோ 6 எஞ்சினா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி பார் என்றார். போட்டேன். மீட்டர் மெல்ல ஏறி 14.2-இல் நின்றது. மாமா திரையில் வாயைத் திறந்தபடி இருந்தார்.

நடந்தது இதுதான். யூரோ 6 போன்ற புதிய புகை விதிகளுக்கு ஏற்ற பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்ற டீசல் செலவாகும். அதனால் கிளப்பும் பேட்டரி போதுமான அளவு நிறைந்ததும் வோல்ட்டேஜை 12.4 வரைக்கும் இறக்கிவிடும். இறக்கத்தில் பிரேக் போடும்போது, சும்மா வருகிற சக்தியைப் பிடிக்க 15 வோல்ட் வரை தூக்கிக் கொடுக்கும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் என்று பெயர். எஞ்சினுக்கு அது சமர்த்துதான். ஆனால் பின்னால் ஒரு குடித்தனம் இருப்பது அதற்குத் தெரியாது. ஹெட்லைட் மாதிரி பெரிய சுமை வந்தால் பல வண்டிகளில் வோல்ட்டேஜ் திரும்ப ஏறும். எல்லா வண்டியிலும் ஏறும் என்று சொல்லமாட்டேன்.

12.4 வோல்ட் கொடுத்தால் 12 வோல்ட் பேட்டரிக்குப் போதாதா என்று கேட்கலாம், நானும் கேட்டேன். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குவதை யோசித்துப் பாருங்கள். தொட்டி மட்டமும் குடத்து மட்டமும் ஒன்றானால் குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் நகராது. நிறைந்த ஈய பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.7 காட்டும். அதற்குள் மின்சாரத்தைத் தள்ள 14.4 வரை அழுத்தம் வேண்டும். ஆல்டர்னேட்டர் 12.4-க்கு இறங்கிவிட்டால் ஒன்றும் நகராது. இன்னும் மோசம், ரிலே சேர்ந்தே இருப்பதால், நிறைந்திருக்கிற லெஷர் பேட்டரியிலிருந்து முன்பக்கம் மின்சாரம் ஓடவும் கூடும். நான் மூன்று நாளாக இரண்டு இரண்டு மணி நேரம் ஓட்டியதில், கிளம்பிய சில நிமிடங்கள் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

180 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஆல்டர்னேட்டரின் கொள்ளளவு. அவ்வளவையும் அது உங்கள் பேட்டரிக்குக் கொடுக்கப்போவதாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மாமா தோல்வியை லேசில் ஒப்புக்கொள்பவர் அல்லர். "சரி, லைட்ட போட்டபடியே பின்னாடி பேட்டரிலயும் வெச்சுப் பாரு" என்றார். 13.5. முன்னால் 14.2, பின்னால் 13.5. "பாத்தியா! எழுபது பாயிண்ட் எங்க போச்சு? கம்பி தின்னுருச்சு. வயரு எத்தன ஸ்கொயரு?" பார்த்தேன், 6 ஸ்கொயர், அதாவது குறுக்குவெட்டு 6 சதுர மில்லிமீட்டர். முன்பேட்டரியிலிருந்து பின்பேட்டரிக்குப் போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர். பத்து மீட்டர் 6 ஸ்கொயர் செம்புக் கம்பியின் தடை சுமார் 0.03 ஓம். ஓட்டும்போது ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் வேலை செய்து 14 ஆம்பியர் இழுக்கும், பேட்டரி ஒரு பத்து ஆம்பியர் குடிக்கும். 24-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 0.72 வோல்ட். மாமா ஓம் விதியை எழுதிக் காட்டியதில்லை. ஆனால் அவர் கை வைத்த இடம் சரியாக அதுதான். வீட்டில் 230 வோல்ட்டில் முக்கால் வோல்ட் குறைந்தால் ஒருவருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அந்த முக்கால்தான் பேட்டரி நிறைவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

அன்று முதல் எனக்கு ஒரே சட்டம்: பேட்டரியின் தலையில் மீட்டர் வைக்காமல் எந்த எண்ணையும் நம்புவதில்லை. அதையும் வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, எதுவும் ஓடாதபோது. மாலையில் என் பேனல் காட்டிய 12.6 ஒரு பொய். ஓட்டி முடித்ததும் தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் சார்ஜ் நிற்கும், அரை மணி நேரம் விளக்கைப் போட்டால் கரைந்துவிடும். ஓய்வில் இருக்கும் ஈய பேட்டரிக்குத் தோராயக் கணக்கு 12.7 நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுளை நாமே குறைக்கிறோம். ஆக 110 ஏஹெச் என்று ஸ்டிக்கரில் இருந்தால் வீட்டுச் செலவுக்கு 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அதுவும் குறையும். உறைநிலையில் ஐந்தில் நான்கு பங்குதான் கொடுக்கும்.

இனி மிக்ஸி வழக்கு. தர்சோவில் அன்று மாலை காகிதம் எடுத்து ஒரு நாள் செலவை எழுதினோம். வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் என்னிடம் இருந்தது. (ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டரை பேட்டரி வயரில் போட்டால் பூஜ்யம்தான் காட்டும், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.) ஹீட்டர் ஃபேனும் போர்டும் பதினான்கு மணி நேரத்துக்கு 17 ஏஹெச். நான்கு எல்இடி விளக்கு, ஐந்து மணி நேரம், 6. பம்ப் ஐந்து ஆம்பியர் இழுக்கும், ஆனால் நாள் முழுக்கச் சேர்த்தாலும் பன்னிரண்டு நிமிடம்தான், 1. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜுக்கும் போர்டுக்கு 5. போன், டேப்லட் 5. மிக்ஸி? ஓடும்போது 70 ஆம்பியர் இழுத்தது, பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் சட்னிக்கு ஒரு நிமிடம். 70-ஐ 60-ஆல் வகுத்தால் 1.2 ஏஹெச்.

பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 0.8 ஆம்பியர். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து, கடைசியில் டைனிங் சீட்டைத் தூக்கினேன். இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு சிரித்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்றுமே செருகாவிட்டாலும், தயாராக நிற்பதற்கே அது 0.8 ஆம்பியர் தின்னும். 24 மணி நேரத்துக்கு 19 ஏஹெச். ஹீட்டரைவிட அதிகம். எந்நேரமும் ஆன் செய்து வைத்தவன் நான்தான், அதுவும் "சார்ஜ் ஏறட்டும்" என்று! நம் வீட்டு இன்வெர்ட்டரை யாராவது அணைத்து வைப்பார்களா?

என் மனைவி காகிதத்தை வாங்கி, 1.2-க்கும் 19-க்கும் கீழே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது இன்வெர்ட்டருக்குச் சமையல் மேடையில் ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். அரைக்கும்போது ஆன், அரைத்ததும் ஆஃப். போன், லேப்டாப் எல்லாம் நேரடியாக 12 வோல்ட் சாக்கெட்டில். கெட்டில் கனவையும் விட்டோம். 2000 வாட் கெட்டில் என்றால் 12 வோல்ட் பக்கம் 180 ஆம்பியருக்கு மேல், அதற்கு விரல் தடிமனில் வயர் வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கேஸ் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் காட்டினேன். பேட்டரி செத்துவிட்டது, புதிது போடு என்றார்கள். போட்டேன். அடுத்த பயணத்திலும் அதே கதை. அவர்கள் ஏமாற்றியதாக நினைக்கவில்லை, பேட்டரி அடிபட்டது உண்மைதான். ஆனால் ஏன் செத்தது என்று கேட்காமல் மாற்றியதால், புதியதும் அதே பட்டினியில் கிடந்தது. ஈய பேட்டரியைப் பாதி நிறைந்த நிலையிலேயே வைத்திருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் அது திரும்பக் கரையாது. நம்மூரில் "பேட்டரி பாறையாயிடுச்சு" என்பார்கள், ஏறக்குறைய அதுதான்.

சரியான மருந்து பி-டு-பி சார்ஜர், அதாவது பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு. ஆல்டர்னேட்டர் 12.4 கொடுத்தாலும் 15 கொடுத்தாலும், இந்தப் பெட்டி அதை வாங்கி லெஷர் பேட்டரிக்கு வேண்டிய 14.4-ஆக்கிக் கொடுக்கும். முப்பது ஆம்பியர் மாடல் போட்டேன். வைக்கும்போது தெரிந்துகொண்டவை சில. பெட்டி, லெஷர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நீள வயர் உள்ளே வரும் பக்கம் இருக்கட்டும், அங்கே வோல்ட்டேஜ் குறைந்தால் பெட்டி ஈடுகட்டும், வெளியே போகும் பக்கம் குறைந்தால் ஈடுகட்ட ஆளில்லை. வெளியே 30 ஆம்பியர் வேண்டுமானால், முன்பக்க வோல்ட்டேஜ் 12-ஐ ஒட்டி இருக்கும்போது உள்ளே 40 வரை இழுக்கும், அதனால் 6 ஸ்கொயரைப் பிடுங்கிவிட்டு 16 ஸ்கொயர் இழுத்தேன். வயரின் இரண்டு முனையிலும் பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் வேண்டும். இரண்டு பக்கமும் பேட்டரி, நடுவில் வயர் எங்காவது வண்டி உடம்பில் உரசி ஷார்ட் ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் தீ வரும். ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் போட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய ரிலே வழியைக் கழற்ற மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் மின்சாரம் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும்.

மாமா சொன்னது இன்னொன்று: "கழட்டறப்ப மைனஸ் மொதல்ல, மாட்டறப்ப மைனஸ் கடைசி. மோதிரத்தக் கழட்டி வெச்சிரு." மைனஸ் வண்டி உடம்போடு சேர்ந்தே இருக்கும், அதனால் பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மாமாவின் மோதிர விரலில் வட்டமாக ஒரு தழும்பு உண்டு. 230 வோல்ட் பக்கத்தை மட்டும் நான் தொடவில்லை, சான்றிதழ் உள்ளவரை அழைத்துப் பார்க்கச் சொன்னேன்.

பி-டு-பி வந்தும் ஒரு ஏமாற்றம் மிச்சமிருந்தது. 50 ஏஹெச் குறைந்திருக்கிறது, 30 ஆம்பியர் ஏறுகிறது, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நிறையும் என்று நினைத்தேன். நிறையவில்லை. டவுன் பஸ்ஸில் ஸ்டாண்டிலேயே சீட் எல்லாம் ஒரு நொடியில் நிறைந்துவிடும். அப்புறம் நிற்கிறவர்கள். அதற்கப்புறம் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று கத்தக் கத்த ஒவ்வொருவராகத்தான் நுழைவார்கள். ஈய பேட்டரியும் அப்படித்தான். முக்கால்வாசி வரை கொடுத்ததை எல்லாம் விழுங்கும். அதற்கு மேல் வோல்ட்டேஜ் 14.4-இல் நிற்க, ஆம்பியர் மட்டும் 30, 20, 10, 4 என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசி ஐந்தில் ஒரு பங்குக்கு நான்கைந்து மணி நேரம் கூட ஆகும். முழுதாக நிறைந்தபின் சார்ஜர் 13.6 வாக்கில் இறங்கித் தாங்கிப் பிடிக்கும். வண்டி ஓட்டி ஈய பேட்டரியை நிறைக்க நினைப்பவர் நாள் முழுக்க ஓட்ட வேண்டும். அதனால்தான் மூன்று நான்கு இரவுக்கு ஒரு முறை மின்கம்பம் உள்ள முகாமில் தங்கி, இரவு முழுக்கச் செருகி வைப்பது அவசியமாக இருந்தது.

மின்கம்பம் என்றதும் ஒன்று. அது வீட்டு இணைப்பு மாதிரி தாராளம் இல்லை. 10 ஆம்பியர் முகாம் என்றால் 2300 வாட். கெட்டிலும் ரூம் ஹீட்டரும் ஒன்றாகப் போட்டால் ட்ரிப் ஆகிவிடும், ஆளைக் கூப்பிட வேண்டும். பிரான்சில் 6 ஆம்பியர் முகாம்கள் உண்டு, அங்கே 1380 வாட்டோடு சரி.

சோலார் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், எந்த மாதம் என்பதுதான். கூரையில் 120 வாட் தகடும், அதன் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் எம்பிபிடி கண்ட்ரோலரும் போட்டிருக்கிறேன். ஜூனில் ஸ்காட்லாந்தில் பகல் பதினேழு மணி நேரத்துக்கு மேல், பேட்டரி மதியத்துக்குள் நிறைந்துவிடும். டிசம்பரில் சில நாள் முழுப் பகலுக்கும் 3 ஏஹெச் கூடத் தேறாது. ஹீட்டருக்கு மின்சாரம் வேண்டிய மாதத்தில் சூரியன் கைவிடும், வேண்டாத மாதத்தில் வாரிக் கொடுக்கும். அதோடு, என் சோலார் லெஷர் பேட்டரிக்கு மட்டும் போனதால், வீட்டு வாசலில் இரண்டு மாதம் நின்ற வண்டி ஒரு ஜனவரியில் கிளம்ப மறுத்தது. அலாரமும் டிராக்கரும் 40 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தால் நாளுக்கு ஒரு ஏஹெச், அறுபது நாளுக்கு அறுபது. பின்குடித்தனம் நிறைந்து வழிய, முன்குடித்தனம் பட்டினி. பின்னாலிருந்து முன்னால் ஓர் ஆம்பியர் கசியவிடும் சின்னப் பெட்டி ஒன்று போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இரண்டாவது ஈய பேட்டரியும் களைத்ததும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறினேன். நூறு ஏஹெச், எடை பாதிக்கும் கீழே. டவுன் பஸ் கதை இதில் இல்லை. கிட்டத்தட்ட நிறையும்வரை முழு 30 ஆம்பியரையும் வாங்கிக்கொள்ளும், இரண்டு மணி நேரம் ஓட்டினால் உண்மையாகவே 60 ஏஹெச். பாதியோடு நிறுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த வகை பேட்டரிக்குப் பின்னால் நம்மவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்தபோது கொஞ்சம் கர்வம்தான். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபோடு சேர்ந்து செய்த ஆய்வுதான் பாஸ்பேட் மாதிரியான சேர்மங்களை மின்முனையாக்கும் வழியைத் திறந்தது. 2019-இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, 97 வயதான அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவரும் மந்திரம்தான். மாமாவிடம் சொன்னேன். "மதுரக்காரரா? அப்ப நல்லா ஒழைக்கும்" என்றார்.

ஆனால் லித்தியத்துக்கும் பிடிவாதங்கள் உண்டு. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, லித்தியம் உலோகமாகவே தகட்டில் படிந்து செல் கெட்டுப்போகும். உள்ளே பேட்டரிக்குக் காவல் இருக்கும் பிஎம்எஸ் பலகை அதைத் தடுக்கும். ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைப் பக்கம் ஒரு பனிக்காலைப் பொழுதில், எஞ்சின் ஓடியும் ஓர் ஆம்பியர்கூட ஏறவில்லை. பயந்துவிட்டேன். பேட்டரி இருந்த பெட்டிக்குள் ஹீட்டர் காற்றைத் திருப்பிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 30 ஓடுகிறது. வெளிப்பெட்டியில் லித்தியம் வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ரிலே வழியாக ஆல்டர்னேட்டரோடு நேரடியாக லித்தியத்தைக் கோர்ப்பதும் ஆபத்து. கொடுத்ததை எல்லாம் விழுங்கும் பேட்டரி, நிறுத்தி வைத்த வண்டியில் மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டரை எரித்தே விடும். பி-டு-பி அந்த வாயைக் கட்டி வைக்கிறது. அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பழைய சார்ஜரில் லித்தியத்துக்கு ஏற்ற அமைப்பு உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிரச்சினை, வோல்ட்டேஜைப் பார்த்து லித்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. தொண்ணூறு சதவீதத்திலும் 13.2-ஐ ஒட்டித்தான், நாற்பதிலும் ஏறக்குறைய அதேதான். அதனால் மைனஸ் வயரில் ஷன்ட் என்ற அளவுக் கருவி போட்டேன். உள்ளே போனது, வெளியே வந்தது எல்லாவற்றையும் மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி எழுதி வைக்கும். மைனஸ் இணைப்பு ஒன்றுகூட ஷன்ட்டைத் தாண்டி நேராக பேட்டரிக்குப் போகக் கூடாது. சோலாரின் மைனஸை நான் அப்படி நேராகக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கணக்கு ஏன் உதைக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

போன அக்டோபரில் மறுபடி டர்னஸ் போனோம், அதே மேடு. காலையில் எழுந்து பார்த்தால் ஷன்ட்டில் 34 ஏஹெச் செலவு, 66 மிச்சம். உள்ளே கதகதப்பாக இருந்தது. மனைவி சட்னி அரைத்துவிட்டு ஸ்விட்சை அணைத்தாள், அணைத்ததை எனக்குக் காட்டிவிட்டே அணைத்தாள். தர்சோ போய்ச் சேரும்போது பேட்டரி நிறைந்திருந்தது. அங்கிருந்து மாமாவைக் கூப்பிட்டேன்.

"எஞ்சின் ஓடறப்ப முன்னாடி எவ்ளோ காட்டுது மாப்ள?"

"பன்னண்டு நாலுங்க மாமா."

"எதுக்கும் அந்த டைனமோவ மாத்திடு."